ஏழு முதலாளிகளும் என் குரலும்

என் குரலைக் கேட்டு ராயபுரத்தில் யாரும் சந்தோஷப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டு, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, வாசலுக்கு ஓடி வருவார்கள். எங்கள் மாதா கோயில் பங்கில் யாராவது இறந்துபோனால் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவது வழக்கம். அந்தக் குரல் என்னுடையது.

நானாகத் தேடிப் போன வேலையில்லை இது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வாசகம் படிப்பேன். ஒருநாள், வழக்கமாகச் சாவு சொல்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சவுண்டு சர்வீஸ் கடைக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அக்கா, ஒரே ஒரு தபா வந்து சொல்லிட்டுப் போயேன்" என்றார். ஒரு தபா என்று போனவள்தான். பகலெல்லாம் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டுகிறேன். கூப்பிட்டால் கடைக்குப் போய்ப் பேசிக் கொடுத்துவிட்டு வருவேன். அதற்குக் காசு வாங்கியதில்லை. சாவுக்குக் காசு வாங்குகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை என்று மார்தட்டிக்கொள்வேன். எவ்வளவு தூரம் கெடுவேன் என்பது எனக்கே அப்போது தெரியாது.

சாவு சொல்வதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. முதலில் பெயர். பிறகு ஒரு நீண்ட மூச்சு விடுகிற நேரத்துக்கு மௌனம். மறுபடியும் அதே பெயர். அதற்கப்புறம்தான் எந்தத் தெரு, யாருடைய மனைவி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்கிற விவரமெல்லாம். முதல் தடவை பெயர் காதில் விழும்போது ஒருத்தி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். அந்த மௌனத்தில் குழாயை மூடுவாள். இரண்டாம் தடவை சொல்லும்போது வாசலில் இருப்பாள். ஆட்டோ யாருக்காகவும் நிற்காது. விவரமெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பெயர் தெரிந்தால் போதும், எந்த வீடு என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். மாலை வாங்கிக்கொண்டு நேராகப் போய்விடுவார்கள்.

கொரோனா காலத்தில் அதுகூட இல்லை. யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாது. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, என் குரல் தெருவைக் கடக்கும் வரைக்கும் நின்று சிலுவை போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான் அடக்கம். அந்த நாட்களில்தான் ஜனங்களுக்கு என் குரல்மேல் ஒரு நம்பிக்கை உட்கார்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். டிவியில் சொன்னால் சந்தேகப்படுவார்கள். நான் சொன்னால் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கு ஒரு தம்பி. இரண்டு பேருக்குமே கல்யாணம் அமையவில்லை. ஒரே வீட்டில், ஒரே குழம்பில், சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறோம். அவன் திருவொற்றியூரில் ஒரு வார்ப்பட ஆலையில் வேலை பார்த்தான். இரும்பை உருக்கி லாரிக்கு பிரேக் டிரம் வார்க்கிற கம்பெனி. உருகின இரும்பை ஊற்றுவதற்கு மணலில் அச்சுப் பிடிப்பது இவன் வேலை. காதுக்குள், நகக்கண்ணுக்குள், தலையணை உறைக்குள் எல்லாம் கறுப்பு மணல் இருக்கும். நான் திட்டாத நாள் கிடையாது.

அந்தக் கம்பெனியை மூடினார்கள். வரிச்சுமை தாங்காமல் ஆலை தற்காலிகமாக மூடப்படுகிறது என்று கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். என் தம்பி அந்தத் தற்காலிகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பெரம்பூர் பக்கம் ஒரு பட்டறையில் கூப்பிட்டார்கள், போகவில்லை. அடுக்குமாடி வீட்டுக்கு வாட்ச்மேனாகக் கூப்பிட்டார்கள், அதற்கும் போகவில்லை. "தொறந்துடுவாங்கக்கா. நோட்டீஸ்ல போட்டு கீது இல்ல? நான் வேற எடத்துல சேந்துட்டா அப்பால மணலை யாரு புடிப்பாங்க?" என்பான். எனக்குக் கோபம் வரும். அவன் முகத்தைப் பார்த்தால் கோபம் எங்கேயோ போய்விடும்.

அப்படியே ஒரு வருஷம் போயிற்று, அடுத்த வருஷமும் பாதி போயிற்று. மத்தியானத்தில் போய்க் கடற்கரைக் கற்களில் உட்கார்ந்துகொள்வான். ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது பார்த்தேன். கற்களுக்கு நடுவே கிடந்த ஈர மணலை இரண்டு கைகளாலும் தட்டித் தட்டிச் சமம் செய்துகொண்டிருந்தான். ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான். சரியாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு அலை வந்து அதை எடுத்துக்கொண்டு போயிற்று, அவன் மறுபடியும் தட்ட ஆரம்பித்தான். தூரத்தில் கப்பல்கள் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. அவனைக் கூப்பிட மனசு வராமல் நானும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வெயிலே தெரியவில்லை. அவனுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்காவிட்டால் இப்படியே கரைந்துபோய்விடுவான் என்று எனக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது. ஒரு கட்சி, தாங்கள் வந்தால் தொழிற்சாலைகளின் வரியைக் குறைப்போம் என்று அறிக்கை விட்டது. உடனே எங்கள் பக்கத்து முதலாளிகள் ஏழு பேர் ஒன்றாகச் சேர்ந்து, பெரிய ஓட்டலுக்கு நிருபர்களைக் கூப்பிட்டு, அந்த வரிக்கொள்கையை மனதார ஆதரிக்கிறோம், அது வந்தால் மூடிக்கிடக்கும் ஆலைகள் திறக்கும் என்று சொன்னார்கள். மறுநாள் பேப்பரில் போட்டோ. ஏழு பேரும் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் தம்பியின் முதலாளி இடமிருந்து மூன்றாவது.

"ரொம்ப எளைச்சிட்டாரு" என்றான் தம்பி. அந்தப் பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

டீக்கடையில் இதைப் பற்றி ஒரே பேச்சு. "வரி கொறஞ்சா அவங்களுக்கு லாபம். நமக்கு இன்னா நைனா?" என்று ஒருவர் கேட்டார். "கம்பெனி தொறப்பாங்க இல்ல, அத்த சொல்லு" என்றார் இன்னொருவர். எனக்கு எரிச்சலாக இருந்தது. நானும்தான் சோப்புக்கு வரி கட்டுகிறேன், பிஸ்கட்டுக்கு வரி கட்டுகிறேன், மூட்டுவலித் தைலத்துக்குக்கூட வரி கட்டுகிறேன். என்னை எந்த ஓட்டலுக்காவது கூப்பிட்டு, அம்மா நீங்கள் எதை ஆதரிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டார்களா?

வாய் முகூர்த்தமோ என்னவோ, என்னையும் கூப்பிட்டார்கள். ஓட்டலுக்கு இல்லை, சவுண்டு சர்வீஸ் கடைக்கு. அங்கே தம்பியின் கம்பெனி மேனேஜர் உட்கார்ந்திருந்தார். நகரத்தின் தெற்குப் பக்கத்து ஆள், நல்ல மரியாதை தெரிந்தவர். நான் போனதும் எழுந்து நின்றார்.

"பேப்பர்ல வந்த அறிக்கை இந்தத் தெருக்களுக்குள்ள வரல மேடம். ஆட்டோவில சொல்லணும்னு முடிவு பண்ணியிருக்கோம். இந்த ஏரியாவில உங்க குரலைத்தான் நம்புவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நான் விளம்பரம் படிக்கறதில்ல சார்" என்றேன்.

"உங்க தம்பி மோல்டிங்ல இருந்தவர்தானே?" என்றார் அவர் மெதுவாக. "மீஞ்சூர் பக்கம் சின்னதா ஒரு புது யூனிட் வருது. நீங்க இதைப் பண்ணிக் கொடுங்க. ஸார்கிட்ட சொல்லி முதல் ஆளா அவரை எடுத்துக்கலாம்."

சாவுக்குக் காசு வாங்காதவள், விளம்பரம் படிக்காதவள் என்று இத்தனை வருஷம் நான் கட்டிக்காத்த வைராக்கியம், மேஜைமேல் வைத்த டீ ஆறுவதற்குள் போய்விட்டது. ஈர மணலைத் தட்டிக்கொண்டிருந்த அந்தக் கைகள்தான் என் கண்ணில் நின்றன. சரி சார் என்றேன். தம்பியிடம் சொல்லவில்லை. வேலை உத்தரவு கையில் வந்த பிறகு சொல்லி அவனைத் திக்குமுக்காட வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒலிப்பதிவு அறை என்பது கடைக்குப் பின்னால் ஒரு சின்ன ரூம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். பேசும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள். உள்ளே போனால் வெளியே ஒரு ஊர் இருப்பதே மறந்துபோகும். கடலின் இரைச்சல், லாரி ஹாரன், மீன்காரிகளின் சண்டை எல்லாம் அப்படியே அடங்கிவிடும். நம் மூச்சு மட்டும் நமக்குக் கேட்கும். அந்த அறையில் நான் எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பவள் மாதிரிதான் பேசுவேன். அன்றும் அப்படித்தான்.

"அக்கா, கொஞ்சம் சிரிச்சிகினே படியேன்" என்றார் கடைக்காரர்.

சிரித்துப் பார்த்தேன். எனக்கே கண்றாவியாக இருந்தது. "உன் வழக்கம் மாதிரியே படி, வுடு" என்றார். வழக்கம் மாதிரியே படித்தேன். முதலில் ஏழு முதலாளிகளின் பெயர்கள். தொழிலதிபர் இன்னார் அவர்கள். மௌனம். தொழிலதிபர் இன்னார் அவர்கள். அவர் எந்த ஆலையின் உரிமையாளர் என்பது. அடுத்தவர். இப்படி ஏழு பேரும் முடிந்த பிறகு, கடைசியில்தான், இன்ன கட்சியின் வரிக்கொள்கையை மனதார ஆதரிக்கிறார்கள் என்கிற சேதி.

விளம்பரம் என்றால் கடைக்காரர் முன்னால் ஒரு பாட்டுப் போடுவார். அன்றைக்குப் போடவில்லை. என் குரலுக்கு முன்னால் அவர் ஒருநாளும் பாட்டுப் போட்டதில்லை, கை தானாகவே விட்டுவிட்டது. பெயரை ஏன் இரண்டு தடவை சொல்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எத்தனையோ வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இப்படித்தான் செய்து வருகிறோம். மேனேஜருக்குப் போனில் போட்டுக் காட்டினோம். "என்ன கம்பீரம் மேடம்! வெயிட்டா இருக்கு" என்றார் அவர். பாவம், அவருக்கு எங்கள் ஊர்ச் சாவு தெரியாது.

மறுநாள் காலை ஊரெல்லாம் பனி. மாசி மாசக் கடைசியில் சில நாட்கள் கடலிலிருந்து அப்படி ஒரு பனி ஏறி வரும். கல்மண்டபத்துப் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், எதிர்ப்பக்கத்துக் கடைகூடத் தெரியவில்லை. பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல வந்தன. எதிலும் ஏறத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன். அப்போது எங்கிருந்தோ என் குரல் வந்தது.

பதிவு செய்து கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விடுவதால் என் குரலைத் தெருவில் வைத்து நான் அதிகம் கேட்டதில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு பொம்பளை மெதுவாக, நிதானமாக ஒரு பெயரைச் சொல்கிறாள். நிறுத்துகிறாள். அந்த நிறுத்தத்தில் தெருவே நின்றுபோகிறது. மறுபடியும் சொல்கிறாள். ஐயோ, யார் போய்விட்டார்கள் என்று மனசு பதறியது. சத்தியமாகச் சொல்கிறேன், சிலுவை போட என் கையே நெற்றிக்குப் போயிற்று. அதற்கப்புறம்தான் அது என் குரல் என்பதும், நேற்றுப் படித்த பெயர் என்பதும் உறைத்தது.

பனிக்குள்ளிருந்து கதவுகள் திறக்கிற சத்தம். ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். ஒருத்தி கையில் பாதி சுற்றின பூச்சரம். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அரைத்தூக்கத்தில் எழுந்து வந்தவர்கள் மாதிரி எல்லாரும் ஆட்டோ போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா இது, பேரு மேல பேரா வருது? ஆக்சிடெண்டா? எல்லாரும் ஒரே வண்டியிலயா போனாங்க?"

"யாரும் சாவலடி. அது விளம்பரம்."

"விளம்பரமா? உன் கொரல்லயா?" என்றாள். கையை எடுத்துக்கொண்டாள். அப்படி ஒரு பார்வை பார்த்தாள், எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் என்றிருந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவரே முந்திக்கொண்டார். "அக்கா, பேஜாரா பூட்ச்சு. திருவொற்றியூர்ல இன்னொரு ஆட்டோ விடியறப்பவே ஒரு ரவுண்டு முடிச்சிட்சு. கம்பெனி கேட்டாண்ட ஜனம் மாலையோட வந்துகினு கீது. ஆட்டோவ நிறுத்தச் சொல்லிட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "உன் தம்பியும் அங்கதான் கீறாராம்."

ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் பனிக்குள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஆரம்பமும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை. கன்டெய்னர்களின் நீலமும் சிவப்பும் வெளிறிப்போய், வந்து வந்து மறைந்துகொண்டிருந்தன. நாம் நகர்கிறோமா அவை நகர்கின்றனவா என்று சொல்ல முடியவில்லை. தம்பிக்கு என்ன சொல்வது, தம்பிக்கு என்ன சொல்வது என்று அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

கேட்டுக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டம். எல்லாரும் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். எல்லார் கையிலும் ரோஜா மாலை, சாமந்தி மாலை. முதலாளியின் வீடு எங்கே இருக்கிறது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்த வாசல் இது ஒன்றுதான், அதனால் இங்கே வந்துவிட்டார்கள். கேன்டீனில் சமையல் செய்த அம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டு நீ பூட்டியே, படுபாவி! எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்து குந்தி ரெண்டு வாட்டி ரசம் வாங்கித் துன்ன மகராசனாச்சே!" இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி அழுதாள். இரண்டுமே அவள் மனசிலிருந்துதான் வந்தன.

தம்பி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றான். யாரிடமோ விளக்குமாறு வாங்கி வாசலைப் பெருக்கியிருந்தான். கேட்டில் படர்ந்திருந்த கொடியைப் பிடுங்கிப் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் உடைந்துவிட்டது. கம்பெனியை மூடினபோது அழாதவன், குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான்.

"முதலாளி பூட்டாருக்கா. நீதான சொன்ன, கேட்டேன். இனிமே யாருக்கா தொறப்பாங்க?"

எத்தனையோ வீடுகளுக்குச் சாவு சொன்னவள் நான். என் வீட்டுக்கும் நானே சொல்லியிருக்கிறேன், அதுவும் பொய்யாக. அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"டேய், அவர் நல்லா கீறாருடா. யாருக்கும் ஒண்ணும் ஆவல. அது கட்சி விளம்பரம். உனக்கு வேலை தரேன்னாங்க, நான் ஒத்துகினு படிச்சேன். வழக்கம் மாதிரியே படிச்சித் தொலைச்சிட்டேன்டா."

தம்பி என்னைப் புரியாமல் பார்த்தான். அவனுக்குப் புரிவதற்குள் பனிக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன. கார் வந்து நின்றது. மேனேஜர் முதலில் இறங்கினார், பிறகு முதலாளி. இறந்துபோய்விட்டார் என்ற சேதி வேறு எங்கும் பரவுவதற்குள் தன்னைக் காட்டிக்கொள்ள ஓடி வந்திருக்கிறார் பாவம். வெள்ளைச் சட்டை, தம்பி சொன்ன மாதிரியே இளைத்துத்தான் போயிருந்தார். மாலைகளைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அழுது வீங்கின முகங்கள்.

கேன்டீன் அம்மாள் எழுந்தாள். நேராக அவரிடம் போனாள். அடிக்கப் போகிறாளோ என்று மேனேஜர் குறுக்கே வந்தார். அவள் அவரை ஒதுக்கிவிட்டு, முதலாளியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடுக்கினாள். அத்தனை விரலும் நெட்டி முறிந்தது. "நூறு வயசு சார் உனக்கு! என்னா கண்ணோ எவன் கண்ணோ!" என்று சொல்லிக்கொண்டே அழுதாள், சிரித்தாள். கூட்டம் முழுக்க அப்பாடா என்று ஒரு சிரிப்பு. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் செத்ததற்கு அழுத அதே ஜனம், அவர் இருப்பதற்குச் சந்தோஷப்பட்டது. அதில் துளி நடிப்பு இல்லை.

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஸார் பேப்பர்ல சொன்ன மாதிரி, புது வரிக்கொள்கை வந்தா நம்ம பகுதி ஆலைகள் எல்லாம்..."

"அது கெடக்கட்டும் சார்" என்றாள் அம்மாள். முதலாளியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்தக் கேட்டை எப்போ தொறக்கப்போற? அத்த சொல்லு."

அவர் கேட்டைப் பார்த்தார். என் தம்பி பெருக்கி வைத்திருந்த தரையைப் பார்த்தார். தனக்காக அழுத ஜனத்தை உயிரோடு நின்று பார்த்துவிட்ட மனுஷன், அந்த நிமிஷத்தில் பொய் சொல்ல முடியாது போலிருக்கிறது.

"வித்தாச்சும்மா" என்றார். "போன வருஷமே வித்தாச்சு. கன்டெய்னர் அடுக்கற யார்டு வரப்போகுது."

"அப்போ வரி கொறஞ்சா?"

"கொறஞ்சாலும் இது திறக்காது."

மேனேஜர் "ஸார்" என்று அவர் முழங்கையைத் தொட்டார். அவர் கையை உதறிக்கொண்டார். தம்பி முன்னால் வந்தான். அவன் குரலில் கோபமே இல்லை, தெரியாத ஒன்றைக் கேட்கிறவன் மாதிரிதான் கேட்டான்.

"நோட்டீஸ்ல தற்காலிகம்னு போட்டு இருந்துச்சே சார்?"

"அப்படிப் போடச் சொன்னாங்கப்பா. மொத்தமா மூடறேன்னு எழுத எனக்கும் மனசு வரல."

தம்பி தலையாட்டினான். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். அந்தக் கையில் மாலை இருந்தது. எல்லார் கையிலும் மாலை இருந்தது. அப்போதுதான் எல்லாருக்கும் அந்தச் சங்கடம் புரிந்தது. சாவுக்கு வாங்கின மாலையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது. உயிரோடு இருக்கிறவர் கழுத்தில் போடவும் கூடாது. என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தம்பி திரும்பிப் போய்த் தன் மாலையைக் கேட்டின் பூட்டுமேல் மாட்டினான். ஓரத்தை இழுத்துச் சரி பண்ணினான். பிறகு கேன்டீன் அம்மாள் போட்டாள். பிறகு மற்றவர்கள். துருப்பிடித்த கம்பிகள் ஒவ்வொன்றாகப் பூவுக்குள் மறைந்தன. முதலாளி கையைக் கூப்பிக்கொண்டு, கடைசி மாலை விழுகிற வரைக்கும் நின்றார். அது வரைக்கும் பனியும் கலையவில்லை. அவர் காரில் ஏறி உட்கார்ந்த பிறகு கதவைச் சாத்தக்கூட மறந்துவிட்டார். டிரைவர் இறங்கி வந்து சாத்தினார்.

மேனேஜர் மட்டும் என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சு மேடம். இன்னைக்கே இன்னொண்ணு பேசிக் கொடுத்துடுங்க. ஸார் நலமா இருக்கார், வரிக்கொள்கை வரும், ஆலைகள் திறக்கும், வேலை வரும்னு. நீங்க சொன்னாத்தான் இவங்க நம்புவாங்க. உங்க தம்பிக்குத் திங்கட்கிழமையே மீஞ்சூருக்கு உத்தரவு வாங்கித் தரேன். இது என் பொறுப்பு."

சரி என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். இதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது? அவ்வளவும் கண்ணால் பார்த்த பிறகும் திறந்தேன். இன்னும் எத்தனை மத்தியானம் அவன் அந்தக் கற்களில் உட்கார்ந்திருப்பான் என்பதுதான் என் கணக்கு. தம்பி பின்னாலிருந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாங்க்கா."

"உனக்கு வேலைடா, பைத்தியக்காரா. திங்கட்கிழமையே."

"தெரியும்." அவன் பூ மூடின கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ சொன்னா இவங்க நம்பிடுவாங்க. நானும் நம்பிடுவேங்க்கா. எல்லாத்தையும் இப்போ காதால கேட்டேன் இல்ல? அப்பவும் உன் கொரலு வந்தா நம்பிடுவேன். மறுபடியும் வந்து இங்க குந்திக்குவேன். அதான் சொல்றேன், படிக்காத."

மேனேஜர் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.